மலைப்பக்கமா வாங்க

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு என் கைபேசி ஒரு முறை அதிர்ந்தது. அலுவலகத்தில் மனுக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பள்ளியிலிருந்து மகளின் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்கள் வந்திருந்தன. கணக்கு எழுபத்தெட்டு, அறிவியல் எண்பத்தொன்று, ஆங்கிலம் இருபத்தொன்பது. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். திரையை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். இருபத்தொன்பதும் பெரிதாகத்தான் தெரிந்தது. 

திங்கட்கிழமை சங்கராபுரத்தில் உள்ள பள்ளிக்குப் போய் ஆங்கில ஆசிரியையைப் பார்த்தேன். நாகப்பட்டினத்துக்காரர். அந்த ஆண்டுதான் இந்தப் பக்கம் மாற்றலாகி வந்திருந்தார். மகளின் விடைத்தாளை என் முன்னால் விரித்து வைத்தார். தெருவிளக்கு எரியவில்லை என்று புகார்க் கடிதம் எழுதச் சொன்ன கேள்விக்கு, நூலகத்தில் புத்தகம் கேட்டு எழுதியிருந்தாள். கையெழுத்து அழகாக இருந்தது. வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லும் கேள்வியில் இல்லாத தபால் நிலையத்தில் திரும்பி, இல்லாத வங்கியைத் தாண்டி, இல்லாத ஒரு பூங்கா வாசலில் கொண்டுபோய் ஆளை நிறுத்தியிருந்தாள்.

"கைடுல இருக்கறத அப்படியே மனப்பாடம் பண்ணியிருக்காம்மா" என்றார் ஆசிரியை. "எந்தப் படம் குடுத்தாலும் இதே வழிதான். எல்லாரையும் அந்தப் பூங்காவுக்கே அனுப்பிடறா."

"பப்ளிக்ல தேறிடுவாளா டீச்சர்?"

"இப்படியே எழுதினா கஷ்டம். சொந்தமா நாலு வரி எழுதப் பழகினா தேறலாம். ஒம்போது வாரம் இருக்கு."

வீட்டுக்கு வந்து மகளை உட்காரவைத்துக் கேட்டேன். "ஏன்டி, படத்த பாத்து எழுதக்கூடாதா?"

"படத்துல மலை இல்லியேம்மா" என்றாள்.

முதலில் கோபம் வந்தது. பிறகுதான் புரிந்தது. எங்கள் ஊர் சங்கராபுரத்துக்கும் கல்வராயன் மலையடிவாரத்துக்கும் நடுவில் இருக்கிறது. எந்தத் தெருவில் நின்று தலையை நிமிர்த்தினாலும் மலை தெரியும். அதனால் எங்கள் வீட்டில் யாரும் இடது, வலது என்று சொன்னதே இல்லை. மலைப்பக்கம், டவுன் பக்கம், அவ்வளவுதான். கட்டிலை மலைப்பக்கம் தள்ளிப் போடுவோம். குழம்புச் சட்டி டவுன் பக்கம் இருக்கும். இப்படி வளர்ந்த பெண்ணிடம் மலையில்லாத ஒரு படத்தைக் கொடுத்து இடது பக்கம் திரும்பு என்றால் அவள் எங்கே போவாள்? கைடுக்குத்தான் போவாள்.

ஒரு ஒப்பந்தம் போட்டோம். தினமும் மாலையில் அவள் ஏதாவது ஓர் இடத்துக்குச் சொந்த ஆங்கிலத்தில் வழி எழுத வேண்டும். நான் ஸ்கூட்டரில் அவளைப் பின்னால் உட்காரவைத்து, தாளில் உள்ளபடியே ஓட்டுவேன். தெரிந்த இடமாக இருந்தாலும் தெரியாதவள் மாதிரி ஓட்ட வேண்டும். இருவரும் வாயைத் திறக்கக்கூடாது. இடது எது என்று மறக்காமல் இருக்க அவள் இடது மணிக்கட்டில் கறுப்பு ரப்பர் பேண்டு ஒன்றை மாட்டிக்கொண்டாள்.

முதல் நாள் தபால் நிலையத்துக்குப் புறப்பட்டு யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் போய் நின்றோம். துணி அலசிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "இன்னா வோணும்?" என்றார்.

"போஸ்ட் ஆபீசுங்க" என்றேன், தாளைப் பார்த்துக்கொண்டே.

"இது என் வூடு. வேணுமின்னா ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போ."

பின்னால் மகள் ஹெல்மெட்டுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் வண்டியே ஆடியது.

இன்னொரு நாள் மூங்கில்துறைப்பட்டில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கு வழி எழுதினாள். அந்தச் சாலையில் எப்போதும் கரும்பு டிராக்டர்கள் போகும் என்பதால், அடையாளமாக இருக்கட்டும் என்று, "டிராக்டரின் பின்னாலேயே போகவும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள். எங்கே விட வேண்டும் என்று எழுதவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். டிராக்டர் சர்க்கரை ஆலைக்குப் போய் வரிசையில் நின்றது. நாங்களும் நின்றோம். எங்களுக்குப் பின்னால் இரண்டு மாட்டுவண்டிகள் வந்து நின்றன. வாசலில் இருந்த காவலாளி ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே வந்து எங்கள் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றார்.

"எத்தினி டன்னுமா?" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

வீட்டில் என் கணவர் கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார். "இன்னா, ஆத்தாளும் பொண்ணும் இன்னிக்கி எந்தூட்டுக் கொல்ல?" என்று கேட்பார். நான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

ஆனால் தாள் நீண்டுகொண்டே போனது. மூன்று வரி ஆறாயிற்று, ஆறு ஒரு பக்கமாயிற்று. "உரக்கடை வாசலில் ஒரு கறுப்பு நாய் படுத்திருக்கும், பயப்பட வேண்டாம், அதற்கு வயதாகிவிட்டது" என்று ஒரு நாள் எழுதியிருந்தாள். அது எந்தக் கைடிலும் இல்லாத வரி. அதைச் சமையலறையில் நின்று நாலு தடவை படித்தேன்.

பிறகு திருப்புதல் தேர்வு வந்தது. முப்பத்துநான்கு. ஒன்றே ஒன்று குறைவு. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். மகள் அழவில்லை. நேராக ஆசிரியையிடம் போய், தான் எழுதும் வழியைப் பார்த்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர முடியுமா என்று கேட்டிருக்கிறாள். "யாரையும் கேக்காம, பேப்பர மட்டும் பாத்துட்டு வரேன். வந்து சேந்துட்டேன்னா உனக்கும் பயம் போயிடும், எனக்கும் போயிடும்" என்று அவர் சொல்லிவிட்டாராம். பொதுத்தேர்வுக்கு அப்போது பத்து நாள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குக் காலை ஆராதனைக்கே போய் வந்து பிரியாணி போட்டேன். பதினோரு மணிக்கு வருவதாகப் பேச்சு. "ம்மா, நீ வாயே தொறக்கக்கூடாது" என்று மகள் எச்சரித்துவிட்டு வாசலில் போய் நின்றாள்.

பதினொன்று இருபது வரை தாங்கினேன். பிறகு போனை எடுத்துக்கொண்டு கோழிக்கூண்டுக்குப் பின்னால் போனேன்.

"எங்க வந்துகினு இருக்கீங்க டீச்சர்?"

"வாய்க்கால் பாலத்துக்கிட்ட வந்துட்டேன்மா. பேப்பர்ல அடுத்தது..."

"அவ்ளோதான் டீச்சர். அப்பிடியே மலைப்பக்கமா வாங்க."

வைத்துவிட்டு நிம்மதியாக வெங்காயம் நறுக்கினேன். பாதி வெங்காயத்தில்தான் கை நின்றது. எங்கள் தெருமுனையில் ஒரு வாய்க்கால் பாலம் உண்டு. அதற்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், பெரிய சாலையிலும் ஒரு வாய்க்கால் பாலம் உண்டு. அங்கே இடது பக்கம் திரும்பினால்தான் எங்கள் ஊர். திரும்பாமல் மலைப்பக்கமாகப் போனால் மலைதான்.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. பன்னிரண்டு ஆயிற்று. வாசலில் மகளின் முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது. ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா எங்கியோ தப்பா எழுதிட்டேன்" என்றாள். "பரீச்சையிலயும் இப்பிடித்தான் ஆவும்."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. "நீ தப்பா எழுதல. நான் போன் பண்ணிட்டேன்" என்றேன்.

"இன்னா சொன்ன?"

நான் மலையைப் பார்த்தேன். அவளும் மலையைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "அவுங்க கடலோர ஊரும்மா" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். "மலைன்னு சொன்னா மலைக்குத்தான போவாங்க."

பன்னிரண்டே முக்காலுக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஆசிரியை வந்து இறங்கினார். தலைமுடி முழுக்கக் காற்று, கால் வைக்கும் இடத்தில் மலையில் வாங்கிய ஒரு பை புளி. கையில் மகளின் தாள் நான்காக மடித்து இருந்தது. அதை அவளிடம் நீட்டினார். ஓரத்தில் சிவப்பு மையில் முழு மதிப்பெண் போட்டிருந்தது.

"பஸ் ஸ்டாண்டுலேருந்து பாலம் வரைக்கும் ஒரு எடத்துலயும் தடுமாறல. நாய்கூட சொன்ன எடத்துலதான் படுத்திருந்துது" என்றார். "அதுக்கப்புறம் ஒரு போன் வந்துது. நாலு கொண்டை ஊசி வளைவு ஏறிட்டேன். திரும்ப எறங்கி வந்து இந்தப் பேப்பர பாத்துதான் வூட்டக் கண்டுபிடிச்சேன். இவ தேறிடுவா."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பரீட்சை அன்னிக்கு இவள அவங்க அப்பா கொண்டாந்து விடட்டும்மா. நீங்க ஸ்கூல் பக்கமே வராதீங்க."