அத்தை கேட்ட வெள்ளை

என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் பென்சில் படத்தில் இருப்பது பதினெட்டு வயது நான். இடது கன்னத்தில் காகிதம் பிய்ந்து நார் நாராக நிற்கிறது. கரையான் அரித்ததா என்று கேட்பவர்களிடம், இல்லை, என் அத்தை அரித்தது என்பேன்.

அப்போது மலேசியாவின் அசாம் ஜாவாவில் அப்பாவின் அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தோம். ஓவியக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு, நம்மை நாமே வரைந்த படம் ஒன்று கொண்டுபோக வேண்டும். அலமாரிக் கண்ணாடி முன் உட்கார்ந்து நாள்கணக்கில் வரைந்தேன். பவுடர் அப்பி மறைக்கச் சொல்லியே வளர்த்த நிறத்தைப் பென்சில் மறைக்கவில்லை. அழுத்த அழுத்தக் கறுப்பு ஆழமாகி, அதற்குள்ளிருந்து கன்ன எலும்பு எழுந்து வந்தது. உதட்டோரம் ஒரு கோட்டை இறுக்கியதும் என் பிடிவாதம் அப்படியே தெரிந்தது. நான் அழகாக இருக்கிறேன் என்று முதன்முதலாக நம்பியது அன்றைக்குத்தான்.

கிளம்ப வேண்டிய காலையில், நான் குளித்துவிட்டு வருவதற்குள் அத்தை அழி ரப்பரை எச்சிலில் தொட்டு, படத்தில் என் கன்னத்தைக் காகிதம் பிய்யப் பிய்யத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரும் என் நிறம்தான்.

“இவ்ளோ கறுப்பா கொண்டுபோனா எவன்லா எடம் குடுப்பான்?” என்றார்.

இடம் கிடைக்கவில்லை. கிழிந்த படத்தைக் கொண்டுவந்தவள் என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். கறுப்பாக வரைந்ததால்தான் போச்சு என்று அத்தை ஊரெல்லாம் சொன்னார். தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, என் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்து தொழிலைக் கற்றேன். அவரை மன்னிக்கவில்லை. மன்னிக்க முயலவும் இல்லை.

போன வருடம் அத்தை, மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் தன்னை வரைந்து தரச் சொன்னார். நல்ல வெள்ளையாக வேண்டுமாம். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். கோலசிலாங்கூர் மண்டபத்தில், சொந்தக்காரர்கள் சூழ்ந்து நிற்க, அவரே உறையைப் பிரித்தார். இரண்டு கண்கள், மூக்குத்தி, ஒரு பொட்டு. மற்றதெல்லாம் வெறும் காகிதம்.

“என் மூஞ்சி எங்கம்மா?”

“பென்சில்ல வெள்ளை கெடையாது அத்தை. மூஞ்சிய எடுத்தாத்தான் வெள்ளை வரும்.”

யாரோ சிரித்தார்கள். அத்தை படத்தை என் கையிலேயே திணித்துவிட்டுப் போனார். இப்போது அது என் பிய்ந்த கன்னத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அத்தை வரும்போதெல்லாம் அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்காரப் பார்க்கிறார். அவர் வருகிறார் என்று தெரிந்தால், நான் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவைக்கிறேன்.