மட்டை தானாகப் பின்தங்கும்

சிதம்பரத்தில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் கல்லூரி டென்னிஸ் அணியில் ஒரே ஓர் இடம் காலியானது. அதற்கு ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் என் ஹாஸ்டல் அறைத்தோழன், பரங்கிப்பேட்டைப் பையன்.

அவனுடைய ஃபோர்ஹேண்ட் அப்படி ஓர் அழகு. முதலில் இடுப்பு திரும்பும், பிறகு தோள், பிறகு கை. மட்டை மட்டும் எந்த அவசரமும் இல்லாமல் பின்தங்கி நிற்கும். கடைசி நொடியில் சாட்டை போலச் சுழன்று வந்து பந்தை அறையும். அந்தச் சத்தமே வேறு.

நானோ கடலூர்க்காரன், மஞ்சக்குப்பம் மைதானத்தில் பூப்பந்து ஆடி வளர்ந்தவன். கம்பளிப் பந்துக்கும் லேசான மட்டைக்கும் மணிக்கட்டுச் சொடுக்கு ஒன்றே போதும். டென்னிஸிலும் அதையே செய்தேன்; பந்து வேலிக்கு வெளியே போய் விழுந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மெதுவாக ஓடும் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மட்டை பின்னால் நிற்கிறதா? சரி, மணிக்கட்டைப் பின்னால் மடக்கி இறுக்கிக்கொண்டால் தீர்ந்தது என்று முடிவுகட்டினேன். இப்போது பந்தும் போகவில்லை, கையும் வலித்தது.

"என்னா மச்சான், கதவத் தள்ற மாதிரி அடிக்கிற?" என்றான் அவன்.

"மட்டைய பின்னாலதானடா வெச்சிருக்கேன்!"

"நீ ஏன் வெக்கிற? அது தானா நிக்கும். கழுத்தப் புடிச்ச மாதிரி புடிச்சிருந்தா அது எங்க போவும்?"

அன்று மாலை கொடியில் கிடந்த தன் ஈர லுங்கியை முறுக்கி என் கையில் கொடுத்தான். "இதச் சுத்து. இடுப்புல ஆரம்பி."

சுற்றினேன். உடம்பு திரும்பிய பிறகும் லுங்கியின் நுனி பின்னாலேயே இருந்தது. பிறகுதான் விசையோடு பறந்து வந்தது. அதை நான் செய்யவில்லை, அதுவே நடந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வராந்தாவில் போன ஒருவன், "என்னடா, ரெண்டு பேரும் ஈ ஓட்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

"டேய், இடம் ஒண்ணுதான் இருக்கு. எனக்கு ஏன்டா சொல்லிக் குடுக்கிற?" என்றேன்.

"நீ இப்ப அடிக்கிற அடிக்கு உன்ன ஜெயிச்சா, வெளிய சொல்ல முடியுமா?"

இடத்துக்காக ஒரு செட் ஆட்டம் வைத்தார்கள். பயத்தில் பழைய சொடுக்கு திரும்பி வர, ஆரம்பத்திலேயே பின்தங்கினேன். ஒரு கட்டத்தில், போனால் போகட்டும் என்று பிடியைத் தளர்த்தி, இடுப்பிலிருந்து அடித்தேன். பந்து அவனைத் தாண்டி மூலையில் விழுந்தது.

"அதான் மச்சான்! அதேதான்!" என்று கத்தினான் அவன்.

நடுவராக இருந்த சீனியர் அவனைப் பார்த்து, "ஏய், நீ ஆடுறியா, அவனுக்குக் கைதட்ட வந்தியா?" என்றார்.

அதன்பின் நான் விடவில்லை. சமநிலைக்கே வந்துவிட்டேன். கடைசியில் அவன் மறுபடி முந்தி, ஜெயிக்க இன்னும் ஒரு புள்ளி போதும் என்ற நிலையில், என் பந்து அவன் ஃபோர்ஹேண்டுக்கு வாகாக எழும்பியது. இடுப்பு, தோள், கை, அப்புறம் அந்த மட்டை. எட்டாத பந்து இல்லை. ஆனால் என் கால் நகரவேயில்லை.

வலையருகே வந்து கையை நீட்டினான். "ஓடியிருக்கலாம்ல?"

"பாத்துக்கினே நின்னுட்டேன்டா."

"லூசு," என்றான், அணியில் சேர்ந்துவிட்டவன், என் தோளில் கைபோட்டபடி.