ஜன்னலோரம் கொடுத்த ஜைனம்பு அக்கா

போன செவ்வாய்க்கிழமை காலை சயான் ஸ்டேஷன் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது, நம் வண்டித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி வந்தது. ஜைனம்பு அக்காவின் மகள் இந்தியில் பேசியிருந்தாள். "உம்மா நஹீ ரஹீ." உம்மா போய்விட்டார். முதல் தடவையே புரிந்தது. ஆனாலும் இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். அதற்குள் எட்டே கால் லோக்கல் வந்து போய்விட்டது.

பதினாறு வருடம் அந்த வண்டியின் பெண்கள் பெட்டியில் நம்மோடு வந்தவர். ஊர் மேலப்பாளையம், குடும்பம் தாராவியில், வேலை ஃபோர்ட் பகுதியில் ஒரு கூரியர் ஆபீஸில். டாக்டருக்குப் படித்தவர் இல்லை. ஆனால் மாசி பிறந்துவிட்டால் பெட்டி முழுக்க அவர் பொறுப்பு. காலையில் ஸ்வெட்டர், மத்தியானம் மண்டையைப் பிளக்கும் வெயில் என்று பம்பாய் நம்மைப் பாடாய்ப் படுத்தும் நாட்கள் அவை. பாதிப் பெட்டி இருமும். மீதிப் பெட்டி அடுத்த வாரம் இருமும். "ஒரே மூச்சத்தான்ளா எல்லாரும் மாத்தி மாத்தி விடுதோம்" என்பார்.

அதனால் ஒரு சட்டம் போட்டார். இருமுகிறவளுக்கு ஜன்னலோரம். கைக்குட்டையால் வாயைப் பொத்தி, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். லோக்கலில் ஜன்னலோரம் கிடைப்பது லேசா? இரண்டே நாளில் எல்லோருக்கும் இருமல் வந்துவிட்டது. நானும்தான் இருமினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். மறுநாள் அக்கா பிளாஸ்க் நிறைய நிலவேம்புக் கஷாயத்தோடு வந்தார். "முதல்ல ஒரு மடக்கு குடி, பொறவு ஜன்னல்." குர்லாவில் ஏறும் சுனந்தா ஒரு வாய் குடித்துவிட்டு, தனக்கு நின்றுகொண்டு வருவதுதான் பிடிக்கும் என்று பைகுல்லா வரைக்கும் நின்றாள்.

ஸ்டேஷன் வாசலில் கரும்புச் சாறு வண்டிகள் வந்ததும் அடுத்த பாடம் தொடங்கும். "மீனுக்குப் போடுத ஐஸுளா அது" என்பார். நாம் தலையை ஆட்டிவிட்டு, சாயங்காலம் அவர் கண்ணில் படாமல் போய்க் குடிப்போம்.

நான் அப்படிக் குடித்ததன் பலன் ஒரு பங்குனியில் தெரிந்தது. அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். வாந்தியும் அசதியும் மசக்கை என்றே நினைத்தேன். புது வேலை வேறு. லீவு கேட்டாலே மேனேஜர் முகம் சுளிப்பார். மாட்டுங்கா தாண்டியதும் அக்கா என் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"மஞ்சளா கெடக்கு. தாதர்ல எறங்கு."

"நாளைக்குப் போறேங்க்கா. இன்னைக்கு லீவு கேக்க முடியாது."

"ஒங்கிட்ட யாரு கேட்டா? எறங்குளா."

கையைப் பிடித்து இறக்கியேவிட்டார். "நீங்க என்ன எங்க அம்மாவா?" என்று பிளாட்பாரத்தில் அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவர் என்னை எதிர் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். காமாலை. வயிற்றுப் பிள்ளையோடு இது வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. என் மகளுக்கு இப்போது எட்டு வயது.

இந்த மாசியில் அக்காவே இருமினார். ஓவர்பிரிட்ஜ் ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

"டாக்டரப் பாத்தீங்களாக்கா?"

"தூசிதான்ளா. ரெண்டு நாள்ல போயிரும்."

எல்லாம் தெரிந்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பெட்டியில் இருந்த நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். மூன்று வாரம் அந்த இருமலோடு நம் கூடவே வேலைக்கு வந்தார். நிமோனியா முற்றிப்போய் விழுந்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது.

அவருடைய கஷாயப் பக்குவம் எனக்கு வராது. அந்தப் பொறுமையும் வராது. கேட்டுக்கொண்டு நிற்காமல் கையைப் பிடித்து "எறங்கு" என்று சொல்வாரே, அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். ஓவர்பிரிட்ஜில் அவர் நின்ற அன்றைக்கே அவரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.