தடைக்காலத்து ஜெகதாப்பட்டினமும் படகு டயரில் நின்ற மழைத்தண்ணீரும்

மே மாதத்தில் கடற்கரைக்குப் போகிறவளைப் புத்திசாலி என்று யாரும் சொல்லமாட்டார்கள். தெரிந்தேதான் போனேன். கல்லூரித் தோழி மாலதி, டெங்கு பரப்பும் கொசுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். "ஜெகதாப்பட்டினம் போறேன், தொணைக்கு வாரியா?" என்றாள். மீன்பிடித் தடைக்காலத்தில் துறைமுகம் எப்படியிருக்கும் என்று பார்க்க எனக்கும் ஆசை.

கீரனூரில் காலை ஐந்தரைக்கு பஸ் ஏறினோம். புதுக்கோட்டையில் மாறி, அறந்தாங்கியில் மறுபடி மாறி, ஒன்பதரைக்குப் போய் இறங்கினோம். ஆளுக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்தது. அறந்தாங்கியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். படகு போகாத நாட்களில் துறைமுகத்துக் கடைகள் பாதி மூடித்தான் கிடக்கும். துறைமுகம் வரை ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தோம். நடந்தும் போகலாம், வெயில் விட்டால்.

ஐஸ் கம்பெனிகளில் சத்தமே இல்லை. விசைப்படகுகள் நெருக்கியடித்து நின்றன. ஒன்றோடொன்று உரசினால் பலகை கெடும் என்று, பக்கவாட்டில் பழைய லாரி டயர்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மாலதி வந்ததே அந்த டயர்களுக்காகத்தான். முந்தின வாரம் கோடை மழை பெய்திருந்தது.

சிக்கந்தர் பாய் தன் படகில் உட்கார்ந்து வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஏழு வயது மகள் ரிஸ்வானா டெங்கு முற்றி, ஈறில் ரத்தம் கசிந்து, புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள்.

"வீட்டுல பொட்டுத் தண்ணி நிக்க விடலைங்க. ஆட்டுக்கல்லுக் குழியக்கூட தொடச்சாச்சு. பின்ன எங்கிட்டு இருந்துங்க வந்து கடிச்சுச்சு?" என்றார்.

"படகுல பாத்தீங்களா பாய்?" என்று மாலதி கேட்டாள்.

அவர் சிரித்துவிட்டார். "கடல்ல ஏதுங்க கொசு? உப்புத் தண்ணியில எப்புடி வளரும்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாலதி ஒரு டயருக்குள் கரண்டியை விட்டு அள்ளி, வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள். கிண்ணம் நிறையக் கொசுப்புழுக்கள் நெளிந்தன.

"இது மழத்தண்ணி பாய். கடலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இந்தக் கொசு பகல்லதான் கடிக்கும்."

அவர் முகம் மாறியது. "மத்தியானம் சோறு கொண்டாந்துட்டு எம்புள்ள இங்கனதாங்க வெளாடும். அப்ப இதுதானா?"

"சொல்ல முடியாது பாய். இத வளத்து, கொசுவானப்புறம் சோதிச்சுப் பாக்கணும். அப்பவும் ஒங்க மகளக் கடிச்சது இதுதான்னு சொல்ல முடியாது."

அவர் கத்தியை எடுத்து டயரின் கயிற்றை அறுக்கப் போனார். மாலதி பதறிப்போய்த் தடுத்தாள். அடுத்த வாரம் இதே டயர்களில் மறுபடி புழுக்களை எண்ணினால்தான் அவள் கணக்கு சேரும். இல்லாவிட்டால் இவ்வளவு நாள் அலைந்தது வீண்.

"ஒரு வாரம் மட்டும் விட்டு வைங்க பாய்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "வைக்கிறேங்க. அத்தாவுக்குச் சோறு கொண்டு வராதன்னு எம்புள்ளகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா கேக்காது."

மாலதி கிண்ணத்தை ஓரமாக வைத்தாள். பிறகு டயரின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். கனத்தது. நானும் அவரும் கை கொடுத்தோம். தண்ணீர் மொத்தமும் கடலுக்குள் போனது. எல்லாப் படகுகளின் டயர்களுக்கும் அடியில் ஓட்டை போடச் சொல்லிவிட்டாள். எனக்கு அவள்மேல் பெருமையாகவும் பாவமாகவும் இருந்தது.

போகிறவர்கள் பகலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவசியம். காய்ச்சலோடு திரும்பினால் கடையில் மாத்திரை வாங்கி விழுங்காமல் டாக்டரிடம் போங்கள். துறைமுகத்தில் எந்தப் படகின் டயரைப் பார்த்தாலும் இப்போது அடியில் ஓட்டை இருக்கும். மாலதியின் ஆய்வுக்கட்டுரையில் மட்டும் ஜெகதாப்பட்டினம் இருக்காது.