சிவப்புத் தொப்பிக்கு வலப்பக்கம்

அம்பை நாணில் பொருத்துவதற்கு முன்னால் மாமா என்னைப் போய் நிற்கச் சொல்வார்.

"மாப்ள, அந்தக் கட்டைக்கு எடது பக்கம் பத்தடி தள்ளிப் போ. மரத்துக்குப் பின்னால நில்லு. தலை மட்டும் தெரியட்டும்."

போய் நிற்பேன். தலையில் சிவப்புத் தொப்பி இருக்கும். என் பிறந்தநாளுக்கு அவரே வாங்கித் தந்தது. "காட்டுல ஆள் இருக்கறது தெரியணும்ல?" என்று சொல்லித் தலையில் மாட்டிவிட்டார். என் அக்காவின் கணவருக்கு என் உயிர்மேல் இவ்வளவு அக்கறையா என்று அன்றைக்கு நெகிழ்ந்து போனேன். ஏமாளி என்பவன் ஒரே நாளில் உருவாவதில்லை.

வாரத்தில் ஆறு நாள் மாமா மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஏழாம் நாள் காலையில், குறிபார்க்கும் கருவி எதுவும் இல்லாத மரவில் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஊரை ஒட்டிய காட்டுக்குப் போய்விடுவார். அவரோடு தபால்காரரும் இன்னும் ஐந்தாறு பேரும் வருவார்கள். வட்டம் போட்ட பலகையில் அம்பு விடுவது இவர்களுக்குக் கேவலம். நடந்துகொண்டே இருப்பார்கள். எதிரே ஒரு மண்மேடு, உளுத்துப்போன மரக்கட்டை, கட்டைமேல் ஒட்டிய சருகு, இப்படி எது கண்ணில் படுகிறதோ அதுதான் குறி. உயிருள்ள மரத்தில் அம்பு படக்கூடாது. மனிதன் செய்த பொருள் எதுவும் குறியாகக் கூடாது. குறியை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அம்பை விட வேண்டும். யாருடைய அம்பு குறிக்கு மிக அருகில் விழுகிறதோ, அடுத்த குறியைச் சொல்லும் உரிமை அவருக்கு.

அந்த உரிமை பெரும்பாலும் மாமாவிடமே இருக்கும். அதை அவர் பெருந்தன்மையோடு எனக்கு விட்டுக்கொடுப்பார். "கட்டைமேல என்ன இருக்கு மாப்ள? மஞ்சச் சருகா? சரி, அதுதான் குறி. நீ சொன்னா நான் மறுப்பேனா?" எனக்குப் பெருமை பிடிபடாது. நூலகத்தில் நாள் முழுக்கப் புத்தகம் அடுக்குகிறவனிடம் யார் அபிப்பிராயம் கேட்கிறார்கள்? அம்பு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்பதும் நியாயமாகத்தான் பட்டது. சருகுக்கு அடியில் புகுந்த அம்பைத் தேடி அரை நாள் மண்டியிட்டவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

கடையில் மாமா வேறு மனிதர். சட்டைப் பையில் குட்டி ஸ்குரு டிரைவர், கழுத்தில் துடைக்கிற துணி. மூக்கருகே வைத்துக்கொண்டு கடுகளவு திருகாணியையும் மாட்டிவிடுவார். கண்ணாடி வேண்டாம் என்று முரண்டு பிடிக்கிறவர்களை அவர் விடுவதே இல்லை. "கண்ணாடி போட்டா கௌரவம் கொறஞ்சிடுமா? ஆண்டவன் ரெண்டு காதை எதுக்கு வச்சிருக்கான்? கம்பி மாட்டத்தான்!" என்பார். வந்தவர் சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

தெருவில் மாமா பணிவின் திருவுருவம். எதிரே வருகிற எல்லோருக்கும் வணக்கம் வைப்பார். சின்னவன் பெரியவன் பார்க்காத மனிதர் என்று ஊரே மெச்சுகிறது. அக்கா மட்டும் மெச்சுவதில்லை. "போன வாரம் துணிக்கடை பொம்மைக்கும் வணக்கம் வச்சாருடா," என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

காட்டுக்குப் புதிதாக வந்த வனக்காவலர்தான் இதையெல்லாம் கிளறிவிட்டவர். வில்லோடு உள்ளே வருகிற ஒவ்வொருவரும் கண் பார்வை சரியாக இருக்கிறது என்று கடிதம் கொண்டுவர வேண்டும் என்றார். மாமா துள்ளிக் குதித்தார். "ரொம்ப நல்ல விதி சார். நானே எல்லாருக்கும் பாத்துத் தரேன்." அப்படியே தந்தார். தபால்காரருக்கு மட்டும் ஒரு பிரசங்கமும் சேர்த்துக் கொடுத்தார். "பவர் லேசா ஏறியிருக்கு. கண்ணாடி இல்லாம வில்லைத் தொடாதீங்க. உசுரு வெளயாட்டு இது." தபால்காரர் பயந்துபோய் அன்றே கண்ணாடியை மாற்றிக்கொண்டார்.

கடைசியாகத் தன் பெயருக்குத் தானே எழுதிய கடிதத்தை மாமா நீட்டியபோது வனக்காவலர் வாங்கவில்லை.

"உங்களுக்கு நீங்களே எழுதிக்க முடியாது சார். வேற யாராவது பாத்துக் கையெழுத்துப் போடணும். இல்லன்னா அடுத்த வாரம் உள்ள விட மாட்டேன்."

ஊரில் இன்னொரு கண்ணாடிக் கடை உண்டு. அதன் படியை மிதிப்பதைவிட வில்லை அடுப்பில் வைக்கலாம் என்பது மாமாவின் கொள்கை. மிச்சம் இருந்தது அக்கா. இருவரும் ஒரே வகுப்பில் கண் பரிசோதனை படித்தவர்கள். அக்கா முதலாவது, மாமா ஏழாவது. இருந்தும் அக்கா கல்லாவில் உட்கார்ந்து பிரேம்களைத் துடைக்கிறாள். மாமா நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று லென்ஸ் மாற்றுகிறார். ஏன் அப்படி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அன்று காலை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அக்கா அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். நான் எதிர்ச்சுவர் ஓரம் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். அக்கா அவருடைய இடது கண்ணை மூடினாள்.

"படிங்க."

மாமா மேல் வரியில் தொடங்கிக் கடகடவென்று இறங்கினார். கடைசிக்கு முந்தைய வரியில் மட்டும் ஒரு நொடி தயங்குவதுபோல் நடித்தார். கடைசி வரியையும் முடித்துவிட்டு, "அந்தக் கடைசி எழுத்து அச்சு தேஞ்சு போச்சும்மா. பலகையை மாத்தணும்," என்றார்.

நான் பலகையைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. அக்கா அதைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தாள்! வாயைத் திறக்கப்போன என்னை அவள் ஒரு பார்வையில் அடக்கினாள்.

"கடைசி வரி இன்னொரு தடவ படிங்க."

படித்தார். ஒரு எழுத்து பிசகவில்லை.

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றாள் அக்கா. "பலகையிலதான் எழுத்து இல்ல."

மாமா எழுந்து வந்தார். பலகைக்கு ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு விரலால் தடவினார்.

"எப்போ திருப்புன?"

"நேத்து சாயங்காலமே. கடையைப் பூட்டும்போது தலையைச் சாய்ச்சு அதைத்தான் பாத்தீங்க. அப்பவும் தெரியல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மாமா, அப்ப அந்தச் செவப்புத் தொப்பி?"

"தொப்பி நல்லாத் தெரியும் மாப்ள," என்றார் தரையைப் பார்த்தபடி. "அது ஒண்ணுதான் தெரியும். அதுக்கு வலப்பக்கம் பத்தடியில விடுவேன்."

"ரெண்டு வருஷமாவா?"

"பத்தடி கூட இல்ல, எட்டடி. நீ பத்துன்னு நெனச்சு நிக்கற எடம் எட்டுதான். பயந்துடக் கூடாதேன்னு சொல்லல."

அவரைத் திட்ட நல்ல வார்த்தைகளாகத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, "இனிமே காட்டுக்குப் போக முடியாதா?" என்று அக்காவிடம் கேட்டுவிட்டார். அடங்கிப்போன குரல் அது. வாரம் முழுக்க அடுத்தவர் மூக்கின்மேல் கம்பியைச் சரிசெய்கிறவருக்கு அந்த ஒரு காலைதான் சொத்து. திட்ட வந்தவனுக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது.

அக்கா லென்ஸ் பெட்டியைத் திறந்தாள். கால்மணி நேரம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு, 'கண்ணாடி அணிந்தால் மட்டும் பார்வை சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மட்டும் என்ற சொல்லின்கீழ் இரண்டு கோடும் இழுத்தாள்.

ஊருக்கெல்லாம் இரண்டே நிமிடத்தில் பிரேம் எடுத்துக் கொடுக்கிற மாமா, தனக்கென்று எடுக்க ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒன்று மூக்கைக் குத்தியது, ஒன்று வயசைக் காட்டியது, ஒன்றில் முகம் ஆந்தையாகத் தெரிந்ததாம். "காது எதுக்கு இருக்கு தெரியுமா?" என்று அக்கா கேட்ட பிறகே ஒரு கறுப்பு பிரேமை மாட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் காட்டின் வாசலில் வனக்காவலர் கடிதத்தைப் படித்தார், மாமாவின் முகத்தைப் பார்த்தார், வழிவிட்டார். மாமா உள்ளே இரண்டடி வைத்து நின்றுவிட்டார். "இவ்ளோ எலையாடா இருக்கு?" என்றார். அதற்கப்புறம் நெடுநேரம் அண்ணாந்தபடியே நின்றார்.

முதல் குறி தபால்காரர் சொன்னது. உளுத்த கட்டையின்மேல் பழுப்பு நிறக் காளான். நான் பழக்க தோஷத்தில் என் இடத்துக்குக் கிளம்பினேன். மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தனக்குப் பின்னால் நிறுத்தினார். அம்பை விட்டார். காளானுக்கு ஒரு சாண் தள்ளிக் குத்தியது. மற்றவர்களுடையது அதைவிடத் தள்ளிப் போனது. அடுத்த குறியைச் சொல்லும் உரிமை மாமாவுக்கு வந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். என் தலையிலிருந்த சிவப்புத் தொப்பியைக் கழற்றினார். நேரே நடந்துபோய் அதைக் கட்டைமேல் கவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இதென்ன அநியாயம் கடைக்காரரே?" என்று தபால்காரர் கத்தினார். "தொப்பி காட்டுப் பொருளா?"

"ரெண்டு வருஷமா காட்டுலதான இருக்கு?" என்றார் மாமா.

மூக்கிலிருந்து வழுக்கிய கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். அம்பைப் பொருத்தினார். பிறகு, நாணை இழுக்காமல், வலது கையைப் பின்னால் நீட்டித் துழாவி என் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.