பொந்தில் கவிழ்த்த சிவப்புக் குவளை

“கண்ணாடிக்கு வெல சொல்ல உனுக்கு இன்னாடி தெரியும்? உங்கம்மா எங்க கொட்டாயி கூட்டிக்கினு இருந்தவதான?”

சென்ற ஆண்டு, நைனார்பாளையத்தில், பெரிய வீட்டம்மா என்னிடம் கேட்டது இது. பாண்டிச்சேரிப் பழம்பொருள் கடையிலிருந்து கண்ணாடிச் சாமான்களுக்கு மதிப்பு சொல்ல ஆள் வரும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். வந்த ஆள் நான் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. அந்த வீட்டின் வாசற்படிக்கு உள்ளே நான் கால் வைத்ததும் அன்றுதான்.

அவர் கேட்டவுடன் எனக்கு ஒரு கண்ணாடிக் குவளை நினைவுக்கு வந்தது. அந்த வீட்டு மாட்டுக் கொட்டகையின் மண்சுவரில், இடுப்பு உயரத்தில் ஒரு பொந்து உண்டு. அதில் அந்தக் குவளையைக் கவிழ்த்திருப்பார்கள். மாதுளை முத்தின் சிவப்பு, மேலே வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பூக்கள், விளிம்பில் ஓரிடத்தில் நகமளவு சில்லு பெயர்ந்திருக்கும். கூலிக்கு வருகிறவர்கள் குடிப்பதற்கென்று ஒதுக்கியது. பெரிய வீட்டம்மா சொம்பை உயரத் தூக்கி, குவளையில் பட்டுவிடாமல் மோர் ஊற்றுவார். என் அம்மா குடித்துவிட்டு, மாட்டுத் தொட்டித் தண்ணீரில் அலசி மறுபடி கவிழ்த்துவிட்டு வருவாள். ஒருமுறை அந்த உடைந்த இடம் கீழுதட்டைக் கிழித்துவிட்டது. “பாத்துக் குடிக்கக் கூடாதா?” என்றார் பெரிய வீட்டம்மா. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவின் உதட்டை அல்ல, தரையில் விழுந்த இரத்தச் சொட்டை. அதற்குப் பிறகு அம்மா உடைந்த பக்கத்தை அப்பால் திருப்பிவிட்டுத்தான் குடிப்பாள். மற்ற பெண்களும் அப்படியே. நானோ, பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போகிற நாட்களில், அந்தக் குவளையைக் கண்ணில் வைத்து மேற்கே கல்வராயன் மலையைப் பார்ப்பேன். மலை முழுக்கச் சிவந்து நிற்கும். அதை அழகு என்று அப்போது ரசித்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கள்ளக்குறிச்சியில் வரலாறு படித்து முடித்து, பாண்டிக் கடையில் பொருட்களின் பட்டியல் எழுதச் சேர்ந்தேன். கண்ணாடிப் பொருளைப் பார்த்து மதிப்பிட எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. கடைக்கு வந்த ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்தேன், வெயிலில் பிடித்தேன், விரலால் தடவினேன். எந்திர அச்சில் வார்த்தது என்றால் பக்கவாட்டில் மெல்லிய தையல் கோடு ஓடும். வாயால் ஊதிச் செய்ததில் கோடு இருக்காது, உள்ளே காற்றுக் கொப்புளம் இருக்கும். ஊதி முடித்து விளிம்பைச் சீராக்கும்போது அடியில் ஒட்டிப் பிடித்த இரும்புக் கம்பியை ஒடித்தெடுத்த தழும்பு சொரசொரப்பாக நிற்கும். பல வருடம் புழங்கியதன் அடியில் கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கும்; உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஏமாற்றினால் ஒரே திசையில் ஓடும். இதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பதில் எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

பெரிய வீட்டம்மா ஷோகேஸைத் திறந்தார். பன்னிரண்டு கிளாஸ், இரண்டு பூச்சாடி, ஒரு அன்னப்பறவை. “எல்லாம் பெல்ஜியம்” என்றார். ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். எல்லாவற்றிலும் தையல் கோடு, அடி வழவழவென்று இருந்தது. அண்மைக் காலத்துத் தொழிற்சாலைச் சரக்கு. சொன்னேன். “சரியாத்தான் பாத்தியா நீ?” என்றார்.

“கொட்டகைப் பொந்துல ஒரு செவப்புக் குவளை இருந்துச்சே, அது இருக்குதுங்களா?”

அவர் சிரித்துவிட்டார். “அந்தக் கொப்புளம் புடிச்ச டம்ளரா? மாமனாரு ஏற்காட்டுல எவனோ வெள்ளக்காரன் காலி பண்ணிக்கினு போறப்ப ஏலத்துல எடுத்தாரு. பூராக் கொப்புளம், அடி வேற சொரசொரன்னு. எவன் குடிப்பான் அதுல? அதான் கொட்டாயில போட்டோம். இப்பல்லாம் ஆளுங்களுக்குப் பேப்பர் கப்புதான்.”

குவளை அங்கேயேதான் இருந்தது. அதில் கன்றுக்குப் புண் மருந்து குழைத்து வைத்திருந்தார்கள். பம்பில் நானே கழுவினேன். கோடு இல்லை. அடியில் தழும்பு. பூக்கள் விரலுக்குத் தட்டுப்பட்டன. கையால் எழுதிச் சுட்ட எனாமல் வண்ணம். உடைந்த இடத்தை ஒட்டி விளிம்பில் பொன்பூச்சு இன்னும் மின்னியது. ஐரோப்பாவில், பெரும்பாலும் பொகீமியாப் பக்கம் செய்தது, நூறு வயதுக்குக் குறையாது, விளிம்பு உடைந்திருந்தாலும் ஷோகேஸ் முழுவதையும் விட விலை ஜாஸ்தி என்றேன்.

அடுத்து நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. மருந்து நாறிய குவளையைத் தொடாதவர், நான் கழுவிய குவளையை முந்தானையால் பிடித்து வாங்கினார். மஞ்சள் தண்ணீரில் மூன்று முறை முக்கினார். என் கண்ணெதிரேதான். துடைத்து, அன்னப்பறவையை ஓரம் தள்ளிவிட்டு, ஷோகேஸின் நடுவில் வைத்தார். பிறகு, அதுவரை இல்லாத குழைவோடு, “பாப்பா, காப்பி குடிக்கிறியா?” என்றார். காப்பி பேப்பர் கப்பில் வந்தது. நான் தொடவில்லை.

எங்கள் அறிக்கையில் ஒரு பத்தி உண்டு: பொருள் எங்கே இருந்தது, யார் கையில் புழங்கியது. வாங்குகிறவர்கள் முதலில் படிப்பது அதைத்தான். நல்ல வரலாறு விலையை ஏற்றும். இதைச் சொன்னதும் பெரிய வீட்டம்மா யோசிக்கவே இல்லை. “மாமனார் காலத்துலேர்ந்து சாமி ரூம்ல வெச்சிருந்தோம்னு எழுதிக்க. உங்கம்மா இன்னும் எங்க கொல்லையிலதான களை வெட்டுறா? பாத்து எழுது.”

பாத்து எழுது. அதன் பொருள் எனக்கு விளங்கியது.

காலனிக்கு நடந்து போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “சாமி ரூம்லயா? அப்ப இத்தினி வருசம் நாந்தான் சாமியா?” என்று கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நான் உண்மையை எழுதினால் அவளுக்கு அந்த வீட்டு வேலை போய்விடும் என்றேன். “களை வெட்ட வேற கொல்லையே இல்லியா இந்த ஊர்ல? நீ படிச்சது இன்னாத்துக்கு? எழுதுடி” என்றாள். சிரிக்கும்போது கீழுதட்டுத் தழும்பு வெளுத்துத் தெரிந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்து, குவளையைப் போனில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடைந்த இடத்துக்கு நேர் எதிரே, விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குப் பொன்பூச்சு அறவே இல்லை. சாமி அறையில் வைத்த குவளை அப்படித் தேயாது.

வரலாறு என்ற பத்தியில் இப்படி எழுதினேன்: “மாட்டுக் கொட்டகைச் சுவர்ப் பொந்தில், கூலியாட்களுக்கெனத் தனியே வைக்கப்பட்டிருந்தது. உடைந்த இடத்தைத் தவிர்த்து அவர்கள் எதிர்ப்பக்கமாகவே குடித்ததால், அங்கு மட்டும் பொன்பூச்சு தேய்ந்துள்ளது.” குடித்தவர்கள் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை முதலில் எழுதினேன். கீழே என் கையெழுத்து. உளுந்தூர்பேட்டையில் இறங்கிப் பஸ் மாறும் முன்பே அதைப் படமெடுத்துக் கடைக்கு அனுப்பிவிட்டேன்.