இணைய மானியத்துக்கு அண்ணன் போட்ட கையெழுத்து

பேப்பர் என்றாலே நான் ஒதுங்கிப் போவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ, எதில் கையெழுத்துப் போட்டு எங்கே மாட்டுவோமோ என்று பயம். கரண்ட் பில்லைக்கூட இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் மடிப்பேன்.

கருமத்தம்பட்டி பக்கத்தில் எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறேன். தறிகள் என்னுடையவை. தறி ஓடும் குடோன் அண்ணன் பெயரில் இருக்கிறது. அப்பா போன பிறகு, "நீ ஓட்டிக்க தம்பி" என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான் பேச்சு. வாடகையும் கிடையாது, எழுத்தும் கிடையாது. காலையில் ஒரு தடவை வந்து தறிகளுக்கு நடுவே நடந்துவிட்டுப் போவார். அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

போன வருடம், நெய்வதற்குப் பாவு நூல் கொடுக்கும் முதலாளி ஒரே போடாகப் போட்டார். "இனிமே தறி ஓடறத நான் இருந்த எடத்துலயே போன்ல பாக்கோணுங்க. கேமரா வெச்சவங்களுக்குத்தான் பாவு." தகரக் கூரைக்குள் செல்போன் சிக்னல் நிற்காது. பிராட்பேண்ட் லைன் இழுத்தாக வேண்டும். சிறுதொழில் செய்கிறவர்கள் லைன் வாங்கினால் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் மானியமாகத் தருகிறது என்று கேள்விப்பட்டு இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் என் காகிதங்களைப் புரட்டினாள்.

"கட்டடம் உங்க பேர்ல இல்லீங்களேண்ணா. ஓனர்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு முத்திரைத்தாள்ல எழுதி வாங்கியாரோணும்."

"கூடப் பொறந்த அண்ணந்தானுங்க அம்மணி. அவரு வாயால சொன்னாப் பத்தாதுங்களா?"

"கம்ப்யூட்டருக்குக் காது இல்லீங்ண்ணா" என்று சிரித்தாள். அவளே தட்டச்சு செய்தும் கொடுத்தாள். 'மேற்படி கட்டடத்தை என் தம்பி அனுபவித்து வருவதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை' என்று ஆரம்பித்தது. இணைய இணைப்பு என்ற பேச்சே கடைசி வரியில்தான் வந்தது.

அந்தத் தாள் பத்துப் பன்னிரண்டு நாள் என் சட்டைப் பையிலேயே கிடந்தது. எங்கள் பக்கத்தில் தம்பிக்காரன் முத்திரைத்தாளோடு அண்ணன் வீட்டு வாசலுக்குப் போனால் அது சொத்தில் பாகம் கேட்கத்தான். கேட்டால் அண்ணன் என்ன நினைப்பார்? எழுத்தே இல்லாமல் இத்தனை வருடம் ஓடிய ஒன்றை நானாகப் போய்க் கெடுத்துவிடுவேனோ? "துவைக்கப் போட்டுக் கூழாகறதுக்குள்ள கேட்டுப்போடுங்க" என்றாள் என் மனைவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து மொபெட் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒரு கையெழுத்து வேணுங்க."

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். கண்ணாடி போடவில்லை. கையை நீட்டிப் பிடித்து முதல் வரியை மட்டும் உதடசைத்துப் படித்தார். நெட் லைனுக்குத்தானுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததுதான். ஆனால் விளக்கப் போய் அவர் நாலு கேள்வி கேட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? வார்த்தையை முழுங்கிவிட்டேன்.

"எங்க போடோணும்?" என்றார். இடத்தைக் காட்டினேன். போட்டார்.

அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்போம். காப்பி டம்ளரோடு வந்த நங்கை தாளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்கள். "வேலை கெடக்குதுங்க" என்று சொல்லி, காப்பியைக்கூடக் குடிக்காமல் ஓடி வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அண்ணன் குடோன் பக்கம் வரவில்லை. சர்க்கரை ஏறிவிட்டதோ, யாராவது ஏதாவது மூட்டிவிட்டார்களோ என்று ஏதேதோ நினைத்தேன். இரண்டு தடவை அவர் வீட்டு முக்கு வரைக்கும் போய், மொபெட் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

லைன் வந்தது. கேமராவும் மாட்டியாகிவிட்டது. மானியத்துக்காக நேரில் சரிபார்க்க ஒரு அதிகாரி வந்தார். கட்டட உரிமையாளரைப் பார்க்க வேண்டும் என்றார். நான் போன் செய்ததும் அண்ணன் வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

"ஓனர் நீங்கதானுங்களா?"

"இல்லீங்க, தம்பியோடதுங்க. நாந்தான் அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டனுங்களே."

அதில் கோபமே இல்லை. யாருக்கோ வழி சொல்வது போலச் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார். தன் வண்டி வரைக்கும் என்னைத் தனியாகக் கூட்டிப் போனார். "அப்ப இந்தக் கடிதம் எதுக்குங்க? ஓனர் யாருன்னு தெளிவா இன்னொரு கடிதம் வாங்கிக் குடுங்க. அதுக்கப்பறந்தான் எதுவும்" என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

மரத்தடிக்குத் திரும்பி வந்து, என் ஃபைலில் வைத்திருந்த நகலை எடுத்து அண்ணனுக்குக் கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார்.

"நெட்டு லைனுக்கா? அன்னைக்கே சொல்லீருந்தா என்னடா?"

"பயமா இருந்துதுங்ண்ணா."

"எங்கிட்டயா?"

நான் நகலை மடித்து ஃபைலில் வைத்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார்.

"நீ என்னைக்காச்சும் பத்திரத்தோட வருவீன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். வந்தா மூஞ்சியச் சுளிக்காமக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தறோணும்னு உங்க நங்கைகிட்டச் சொல்லி வெச்சிருந்தேன்" என்றார்.

எழுத்து வேண்டாத உறவு என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த அத்தனை வருடமும், காலையில் தறிகளுக்கு நடுவே நடக்கும்போதெல்லாம் அவர் மனதில் இது இருந்திருக்கிறது. என்னை அப்படிப்பட்டவன் என்று நினைத்தும் சாவியைத் திருப்பிக் கேட்காமல் இருந்திருக்கிறார். நான் போன அன்று அப்படிப்பட்டவனாகவே போய் நின்றிருக்கிறேன்.

இன்னொரு கடிதத்துக்குக் கையெழுத்துக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. கெடு முடிந்து விண்ணப்பம் தள்ளுபடியானது. லைனுக்கு முழுத் தொகையையும் நானே கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் அண்ணன் குடோனுக்கு வந்தார். கேமராவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கவர்மெண்டு மானியம் வந்துருச்சா தம்பி?" என்று கேட்டார்.

"வந்துருச்சுங்ண்ணா."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "செரி, செரி. போட்ட கையெழுத்து வீணாகுல."

தறிச் சத்தத்தில் காதில் விழாதது போல, அறுந்த இழை எதுவும் இல்லாத பாவு நூலைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.